பார்க்கிறவரையும் பார்க்கும் படிப்பு

"இதெல்லாம் ஒரு படிப்பா தம்பி?" என்று கேட்டார் லோரி அண்ணன். இனிப்புநீர் வந்த நாளிலிருந்து அவருக்கு தே ஓ கோசோங்தான். எனக்கு தே தாரிக். காம்பார் பழைய டவுன் பக்கத்து மாமாக் கடையில் வெயில் இறங்கும் நேரம். அவர் மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. இந்த வட்டாரத்துத் தமிழ் இளைஞர்கள் என்ன பாட்டுக் கேட்கிறார்கள், என்ன உடுத்துகிறார்கள், கைப்பேசியில் எதைப் பார்க்கிறார்கள், அதன் வழியாகத் தங்களை யார் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பதை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாள். "கடையில சும்மா உட்கார்ந்திருக்கிற பையன்கள்கிட்ட போய் என்ன பாட்டு கேக்குறேன்னு விசாரிக்கவா நான் ராத்திரி பகலா லோரி ஓட்டி ஃபீஸ் கட்டுறேன்?"

பிள்ளைக்குக் கட்டணம் கட்டுகிறவர் கேட்கவேண்டிய கேள்விதான் அது. மருத்துவம் என்றால் நோய் தெரியும், பொறியியல் என்றால் பாலம் தெரியும். இதில் கண்ணுக்குத் தெரிகிற பொருள் என்ன? அன்று அண்ணனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊரைப் பாருங்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்துக் காம்பார் ஈயத்தால் வளர்ந்த ஊர். டவுனில் சீனர்கள், சுற்றிலும் மலாய்க் கம்பங்கள், கோப்பேங், தெமோ, தாப்பா பக்கமெல்லாம் ரப்பர் தோட்டங்களும் அவற்றில் தமிழர்களும் என்று ஆளுக்கொரு மூலை. ஈயம் ஓய்ந்தது, ஊரும் ஓய்ந்தது. 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் இங்கே வளாகம் திறந்தபின்தான் மறுபடி கலகலப்பு. ஈயம் தோண்டிய குழிகளில் நீர் தேங்கி உண்டான ஏரிகளின் கரையில் இன்று மாணவர்கள் ஓடுகிறார்கள். ஜொகூரிலிருந்தும் கெடாவிலிருந்தும் வந்த இருபது வயதுப் பிள்ளைகள் முதன்முறையாக வேற்று இனத்தவரோடு ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்து வாழ்கிறார்கள். தான் யார் என்ற கேள்வி சொந்தத் தாமானில் இருக்கும்வரை வராது. இங்கே முதல் வாரத்திலேயே வந்துவிடும்.

"அதான் பாரத்துல போட்டிருக்கே, இந்தியன்னு. அப்புறம் என்ன கேள்வி?" என்றார் அண்ணன்.

அங்கிருந்தே தொடங்கலாம். பள்ளியில் சேர, வேலைக்கு, வங்கிக் கடனுக்கு என்று எந்தப் பாரத்தை நீட்டினாலும் 'பங்சா' (இனம்) என்று ஒரு கட்டம் இருக்கும். மலாய், சீனர், இந்தியர், 'லாயின்-லாயின்' (மற்றவர்). சூரியன், சந்திரன் போல எப்போதும் இருந்தது மாதிரி நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கட்டத்துக்கும் ஒரு பிறந்த கதை உண்டு. சார்லஸ் ஹிர்ஷ்மன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1871 முதல் 1980 வரை இந்த நாட்டில் எடுத்த மக்கள் கணக்கெடுப்புகளை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்து, 1987-இல் ஒரு கட்டுரை எழுதினார். தொடக்கக் கணக்கெடுப்புகளில் நீளமான கலவைப் பட்டியல்தான் இருந்தது. 1891-இல் 'தமிழரும் இந்தியாவின் பிற பூர்வீகத்தாரும்' என்று ஒரு தலைப்பு வந்தது. அதன்கீழ் வங்காளிகளும்கூட அடங்கினார்கள். பிறகு பெயர்கள் மாறின, உட்பிரிவுகள் மாறின, கடைசியில் நாம் இன்று அறிந்த பெரிய கட்டங்கள் மிஞ்சின. எண்ணிக் கணக்கெடுக்க வந்த வெள்ளைக்கார அதிகாரிகள், எண்ணுவதற்கு வசதியாக மனிதர்களைப் பிரித்தார்கள். எண்ணி முடித்தபின் அந்தப் பிரிவே ஜனங்களின் பெயராகிவிட்டது.

பெயர் காகிதத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குடியிருப்பும் வேலையும் அதே கோட்டில் பிரிந்தன. தமிழர்களைக் கங்காணி வழியாகக் கொண்டுவந்து லயத்தில் வைத்தார்கள். சீனத் தொழிலாளர்கள் ஈயச் சுரங்கத்துக்குப் போனார்கள். 1950-க்குப் பிறகு, அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகக் கூடாது என்று நாடு முழுவதும் சுமார் ஐந்து லட்சம் பேரைப் பெயர்த்தெடுத்து வேலி போட்ட புதுக்கிராமங்களில் குடிவைத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். காம்பார் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் அது எப்படி நடந்தது என்பதை ஆய்வாளர் பிரான்சிஸ் லோ 1988-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். காம்பார்க்காரர்களுக்கு அது தாத்தா பாட்டி கதை. ஆக, இனம் என்பது இரத்தத்தில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது யார் எங்கே தூங்கினார்கள், என்ன வேலை செய்தார்கள், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனது என்பதில் நாள்தோறும் கட்டப்பட்டு வந்திருக்கிறது.

மலேசிய மானிடவியலாளர் ஷம்சுல் அம்ரி பஹாருடின் இன அடையாளத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, அதிகாரம் வரையறுக்கும் அடையாளம்: பாரம், சட்டம், கட்சி, பாடநூல் சொல்வது. இன்னொன்று, அன்றாடம் வரையறுக்கும் அடையாளம்: மனிதன் எழுந்து, வேலைக்குப் போய், பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்கிற வாழ்க்கை சொல்வது. இரண்டும் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒன்றோடொன்று அடிக்கடி முட்டிக்கொள்கின்றன.

"அன்றாடம்னா?" என்றார்.

பக்கத்து மேசையைக் காட்டினேன். கறுப்பு டீ-சட்டை, ஒரு காதில் கடுக்கன், மோட்டார் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஒரு பையன். பரிமாற வந்தவரிடம் மலாயில் மீ கோரெங் சொன்னான். கூட்டாளியோடு பேசியது தமிழில், இடையிடையே ஆங்கிலம். வீதிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சீனக் கிழவர் ஒருவர் கூப்பிட, காண்டனீசில் இரண்டு வார்த்தை பதில் போட்டான். அம்மாவிடமிருந்து போன் வந்ததும் குரல் தாழ்ந்தது, "சாப்டேன்மா" என்றான். பத்து நிமிடத்தில் நாலு மொழி, நாலு குரல். இவனில் எது அசல் என்று கேட்டால் பதில் கிடைக்காது, நாலும் அவன்தான். பாரத்தின் கட்டம் அவனைப் பற்றி ஒரு சொல் சொல்கிறது. அண்ணன் மகள் மிச்சத்தை எழுதப் பார்க்கிறாள்.

இந்த வகை ஆராய்ச்சிக்கு ஒரு ஊர் பேர் வாங்கியது: இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். 1964-இல் அங்கே தற்காலப் பண்பாட்டு ஆய்வு மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஜமைக்காவில் பிறந்து வளர்ந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போன ஸ்டூவர்ட் ஹால் பிறகு அதை நடத்தினார். கறுப்பராக அந்த நாட்டில் வாழ்ந்ததால், ஒருவன் வாயைத் திறப்பதற்கு முன்பே ஊர் அவனைப் பற்றி முடிவு கட்டிவிடுகிறது என்பது அவருக்குப் புத்தகம் படித்துத் தெரியவேண்டியதில்லை. தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் தலைமுடி, காலணி, பாட்டு, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் அந்த மையத்தார் சீரியசாக எடுத்துப் படித்தார்கள். பெரியவர்கள் கேட்டுக்கொள்ளாத எதையோ அந்தப் பிள்ளைகள் அவற்றின் வழியாகச் சொல்கிறார்கள் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த மையத்தில் இருந்த பால் வில்லிஸ் 1977-இல் ஒரு நூல் எழுதினார். பன்னிரண்டு பையன்கள். வாத்தியாரைக் கேலி செய்வது, வகுப்பில் தூங்குவது, ஒழுங்காகப் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பது என்று திரிந்தவர்கள். வில்லிஸ் அவர்களோடு பள்ளியில் இருந்தார், பிறகு அவர்கள் வேலைக்குப் போன இடத்துக்கும் போனார். அவர் கண்டது இது: அந்தப் பையன்கள் முட்டாள்கள் இல்லை. எல்லாரும் படித்தால் எல்லாருக்கும் நல்ல வேலை கிடைக்கும் என்று பள்ளி சொன்னதை அவர்கள் நம்பவில்லை. ஒரு அளவுக்கு அவர்கள் கணிப்பு சரியும்கூட. ஆனால் பள்ளியை எதிர்த்து அவர்கள் கட்டிக்கொண்ட அதே வீறாப்பு, உடலுழைப்புதான் ஆம்பளைக்கு அழகு என்ற அதே பேச்சு, அவர்களை நேராக அப்பாவின் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. யாரும் தள்ளவில்லை, தாங்களே நடந்து போனார்கள்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானும் படிவம் மூணோட நிறுத்தினவன்தான். லோரி ஓட்டினா வாத்தியாரவிட சம்பாரிக்கலாம்னு அப்பவே பேசுவோம்" என்றார். அந்த இங்கிலாந்துப் பையன்களும் இதையேதான் பேசிக்கொண்டார்கள் என்றேன்.

நம் பக்கத்துக் கதையில் இன்னொரு திருப்பம் உண்டு: தோட்டம் போனது. 1950-களிலிருந்தே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. 'துண்டாடல்' என்று நம் பெரியவர்கள் சொல்வது அதைத்தான். அதைத் தடுக்க சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசிலேயே தோட்டம் வாங்கினார். அதற்குப் பிறகும் ரப்பர் செம்பனையானது, செம்பனை தாமானானது. 1980, 90-களில் குடும்பங்கள் தோட்டத்தை விட்டு நீண்ட வீடுகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போயின. தோட்ட வாழ்க்கை சுகமான வாழ்க்கை அல்ல. ஆனால் அங்கே கோயில், பள்ளி, பந்துத் திடல், வயசுப் பையன் எங்கே போகிறான் என்று பார்க்க நூறு கண் எல்லாம் ஒரே வேலிக்குள் இருந்தன. நகரத்து அடுக்குமாடிக்கு வந்தபோது வேலையும் போய், அந்தக் கண்களும் போயின. அமெரிக்க மானிடவியலாளர் ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் தோட்டத்தை இழந்த தமிழர்களைப் பற்றி 2014-இல் ஒரு நூலே எழுதினார். கோயிலும் பள்ளியும் இடிபடும்போது ஜனங்கள் நட்டஈட்டைவிடத் தங்களுக்கு ஒரு நியாயம் கிடைக்கவில்லையே என்பதைத்தான் அதிகம் பேசினார்கள் என்பது அதில் திரும்பத் திரும்ப வரும்.

அதே காலத்தைத் திரையில் காட்டியது சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்'. 2015-இல் வந்தது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்தில், கூர்மையான ஒரு சிறுவன் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பாதைக்குத் திரும்புகிறான் என்பது கதை. படத்துக்கு வெளியே நடந்தது இன்னும் பெரிய பாடம். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில், மலாயில் எடுக்காத படங்களைத் தனி வகையில் போட்டார்கள். மலேசியாவில், மலேசியர்கள் எடுத்த, மலேசிய வாழ்க்கையைச் சொல்லும் படம் எந்தக் கட்டத்தில் போகும் என்று பெரிய வாக்குவாதம். திரைத்துறையினரே எதிர்த்தபின் மொழி பாராத பரிசு ஒன்று வந்தது. மலேசியாவின் சிறந்த படம் என்ற அந்தப் பரிசு 'ஜகாட்'டுக்குக் கிடைத்தது. பாரத்தில் இருக்கும் கட்டம் படத்துக்கும் வந்து சேர்ந்ததைப் பாருங்கள்.

"பாட்டுக்கு வா தம்பி. அவ பாட்டைத்தானே கேக்கப் போறா."

பாட்டுக்கு வருவோம். 1990-களில் கோலாலம்பூரில் 'பொயெட்டிக் அம்மோ' என்று ஒரு ராப் குழு. அதில் இருந்த யோகி பி பிறகு நட்சத்ரா குழுவோடு சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதில் 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து, அதன்மேல் தமிழில் ராப் பாடினார்கள். மலேசியாவில் ஓடியது, தமிழ்நாட்டிலும் ஓடியது. அதற்கு முன் நமக்குப் பாட்டு சென்னையிலிருந்து வரும், நாம் கேட்போம். இம்முறை இங்கிருந்து ஒரு பாணி அங்கே போனது. அதில் மூன்று ஊற்றுகள் கலந்திருந்தன: அமெரிக்கக் கறுப்பர் தெருவில் பிறந்த ராப், இளையராஜாவின் மெட்டு, மலேசியத் தமிழ்ப் பையனின் நாக்கு. இனத்தைக் கட்டத்தில் அடைக்கிறவர் இந்தப் பாட்டை எந்தக் கட்டத்தில் போடுவார்? ஒரு பையன் இதைக் கேட்கும்போது தான் இந்தியாவின் நிழல் இல்லை, இந்த ஊர்க்காரன் என்று நினைக்கிறானா? அல்லது சும்மா தாளத்துக்குத் தலையாட்டுகிறானா? கேட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது. நாம் நமக்குத் தோன்றிய அர்த்தத்தை அவன் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அண்ணன் மகள் மேசை மேசையாகப் போகிறாள்.

எதிர்த்திசையிலும் ஒரு கதை. 2016-இல் வந்த 'கபாலி' மலேசியாவில் படமானது. தோட்டத்திலிருந்து எழுந்த ஒரு மலேசியத் தமிழ்த் தாதாவாக ரஜினிகாந்த். நம் தாத்தாக்கள் பட்ட பாட்டைச் சென்னைத் திரையில் முதன்முறையாக இவ்வளவு பெரிதாகப் பார்த்தபோது கொட்டகையில் சிலர் அழுதார்கள். ஆனால் இங்கே திரையிட்ட பிரதியில் முடிவு வேறு. நாயகன் போலீசில் சரணடைந்தான் என்று எழுத்துப் போட்டார்கள். ஒரே படம், ஒரே பையன், ஆனால் அவன் எதை நம்பக் கூடாது என்று தணிக்கை ஒன்று நினைக்கிறது, எதைப் பார்த்துக் கைதட்டுவான் என்று சென்னைத் தயாரிப்பாளர் ஒன்று நினைக்கிறார். இரண்டு பேருமே அவனிடம் கேட்கவில்லை.

கபாலி என்றதும் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஆனா குண்டர் கும்பல்ல நம்ம பிள்ளைகள்தான் அதிகம், அது பொய்யா?"

பொய் இல்லை, ஆனால் எதை எதோடு வகுத்தார்கள் என்று பார்க்கவேண்டும். 2013 ஆகஸ்டில், தொடர்ச்சியாகத் துப்பாக்கிச் சூடுகள் நடந்தபின், உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 40,313 உறுப்பினர், அதில் 28,926 பேர் இந்தியர் என்றது. ஏறக்குறைய 72 சதவீதம். தலைப்புச் செய்தி அந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டது. காது வழியாகப் பத்து வாய் போனபோது அது 'இந்தியப் பையன்களில் பத்துக்கு ஏழு பேர்' என்று ஆனது. அப்போது நாட்டில் இந்தியர் ஏறக்குறைய 19 லட்சம். 28,926-ஐ அதால் வகுத்துப் பாருங்கள்: நூற்றுக்கு ஒன்றரை. அதுவும் போலீஸ் பதிவு, நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. கும்பல் இருப்பது உண்மை, அதில் செத்தவனும் அழுதவளும் பெரும்பாலும் நம் வீட்டாரே என்பதும் உண்மை. ஆனால் பட்டியலில் 72 என்ற எண்ணும், சமூகத்தில் ஒன்றரை என்ற எண்ணும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. முதல் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்காரர் வாடகை வீட்டை மறுக்கிறார், காவலர் மோட்டாரை நிறுத்துகிறார், தலைமையாசிரியர் பெயர்ப்பட்டியலைப் பார்க்கிறார்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஸ்டான்லி கோஹன் என்ற சமூகவியலாளர் 1972-இல் எழுதினார். 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் என்ற இங்கிலாந்துக் கடற்கரை ஊரில் இரண்டு வகைப் பையன் கூட்டங்களுக்குள் கைகலப்பு. சேதம் பெரிதில்லை. பத்திரிகைகள் போர் மூண்டது போல எழுதின. அடுத்த விடுமுறைக்குப் போலீஸ் சண்டையை எதிர்பார்த்து வந்தது, பையன்களும் சண்டையை எதிர்பார்த்து வந்தார்கள். எதிர்பார்த்தது நடந்தது. பத்திரிகை 'பார்த்தீர்களா, சொன்னோமே' என்றது. இந்தச் சுற்றை உடைக்கவேண்டுமானால் பையனை மட்டும் பார்த்தால் போதாது. அவனைப் பார்க்கும் பத்திரிகையையும் போலீசையும் அக்கம்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நான் அண்ணனிடம் சொல்ல வந்ததன் சாரம் இதுதான்: இளைஞர் ஆராய்ச்சி என்பது இளைஞரைப் பார்ப்பவரையும் பார்க்கும் ஆராய்ச்சி.

கிளேர் அலெக்சாண்டர் என்ற ஆய்வாளர் தெற்கு லண்டனில் வங்காளதேச வம்சாவளிப் பையன்களோடு பல ஆண்டுகள் பழகி 2000-இல் ஒரு நூல் எழுதினார். பத்திரிகைகள் 'ஆசியக் கும்பல்' என்று எழுதிய இடத்தில் அவர் பார்த்தது அண்ணன் தம்பி, மச்சான், பள்ளிக் கூட்டாளி, அவர்களுக்குள் விசுவாசம், சச்சரவு. சண்டையும் இருந்தது. ஆனால் கும்பல் என்ற சொல்லுக்குள் அந்த வாழ்க்கை அடங்கவில்லை. காம்பார் மாமாக் கடையில் ஆறு மோட்டார் சேர்ந்து நிற்பதைப் பார்க்கும்போது நமக்கு முதலில் தோன்றும் சொல் எது என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

"சரி, அவ எப்படித்தான் செய்வா? போய்க் கேட்டா பையன்கள் சொல்லிடுவானுங்களா?"

உடனே சொல்லமாட்டார்கள். முதலில் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தரவேண்டும். பேசுகிறவர் சம்மதம் கையெழுத்தாக வேண்டும். பெயர், வீடு, மோட்டார் எண் எதுவும் வரக்கூடாது. வில்லிஸ் தன் பன்னிரண்டு பையன்களின் ஊருக்கே 'ஹாமர்டவுன்' என்று பொய்ப்பெயர் வைத்தார். 'நீ ஏன் கறுப்புச் சட்டை போடுகிறாய்?' என்று கேட்டால் பையன் தற்காப்புக்குத்தான் பதில் சொல்வான். 'போன வாரம் கோயில் திருவிழாவுக்கு என்ன போட்டுக்கிட்டுப் போனே? வகுப்புக்கு? ஏன் வேற வேற?' என்று கேட்டால் கதை வரும். அவள் பெண், தமிழச்சி, படித்தவள். ஒரு பையன் அவளிடம் சொல்வதும் தன் கூட்டாளியிடம் சொல்வதும் ஒன்றாக இராது. அதையும் அவள் ஆய்வில் எழுதவேண்டும். பதினைந்து பேரிடம் பேசிவிட்டு 'மலேசிய இந்திய இளைஞர்கள் இப்படி' என்று முடிவு சொல்லக் கூடாது. எத்தனை பேர் என்று தெரியவேண்டுமானால் கணக்கெடுப்பு வேண்டும், ஏன் என்று தெரியவேண்டுமானால் இந்த மாதிரி உட்கார்ந்து கேட்கவேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

"இதனால யாருக்கு என்ன லாபம்?"

பாலம் கட்டுவது போலக் கைமேல் பலன் இல்லை. ஆனால் முடிவு எடுக்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள். பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியர், தெருவில் காவலர், நேர்முகத் தேர்வில் மேலாளர், மானியம் ஒதுக்கும் அதிகாரி. அவர்கள் கையில் ஒரு பையனைப் பற்றி இருப்பது ஒரு கட்டமும் ஒரு தலைப்புச் செய்தியும்தான். அதற்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றை வைப்பது இந்தப் படிப்பு. வீட்டில் நமக்கும் அதனால் ஒரு பழக்கம் வரவேண்டும். இளைஞர்களைப் பற்றி ஒரு சதவீதம் காதில் விழுந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் எண்ணினார்கள்? எதில் இத்தனை சதவீதம்? எண்ணப்பட்டவரிடம் யாராவது பேசினார்களா?

இந்த மூன்றாவது கேள்வி அண்ணன் மகளுக்கும் பொருந்தும். ஆய்வை முடித்துப் பேராசிரியரிடம் கொடுத்து மதிப்பெண் வாங்கியதோடு அவள் நிறுத்தக் கூடாது. பேசிய பையன்களிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டும். 'அக்கா, இது நான் இல்லை' என்று ஒருவன் சொன்னால், அவனையும் ஆய்வுக்குள் சேர்த்துத் திருத்தி எழுதவேண்டும். நூறு வருடமாக இவர்களைப் பற்றி எழுதியவர்களில் மிகப் பலர் செய்யாமல் விட்டது இது ஒன்றைத்தான்.